திண்டிவனத்து ஆட்டுக்கு மஞ்சள் காமாலை

திண்டிவனத்தில் காலைப் பாசஞ்சரின் மூன்றாவது பெட்டியில் ஏறிப் பழகியவர்களுக்குப் பச்சைமுத்துவைத் தெரியாமல் இருக்காது. ஜன்னலோர இடம் அவருடையது. விஷயம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் சண்டைக்குப் போக மாட்டார். எதிரே உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, சார் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மனிதர் தாலுக்கா ஆபீஸ், பஞ்சாயத்து போர்டு என்று ஏதோ சொல்லிவிட்டு, கேட்டதற்கு மரியாதையாக, நீங்கள் என்று திருப்பிக் கேட்பார்.

"நானுங்களா? விழுப்புரத்துல மனுஷன் ஈரல் வெட்றேன்," என்பார் பச்சைமுத்து.

மயிலம் வருவதற்குள் ஜன்னலோரம் காலியாகிவிடும்.

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்த்தாற்போல் ஒரு மாடியில் டாக்டர் காந்திமதி அம்மாள் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். ஈரல் கெட்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்த ஆளை டாக்டர்கள் படுக்க வைத்து, விலாவில் நீள ஊசி செலுத்தி ஒரு துணுக்கு எடுப்பார்கள். உடைந்த சேமியா அளவுதான் இருக்கும். அதை மருந்துத் தண்ணீரில் போட்டு, கடலூரிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் காந்திமதி அம்மாளுக்கு அனுப்புவார்கள். இங்கே அந்தச் சேமியாவை மெழுகில் பதித்து, மெழுகோடு சேர்த்து மிஷினில் சீவ வேண்டும். ஒரு தலைமுடியை நெடுக்கில் பதினைந்தாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும், அவ்வளவு மெல்லிசு. சீவிய தோலை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயத்தில் முக்கி டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்க வேண்டும். சீவுவது பச்சைமுத்து. பார்த்துச் சொல்வது டாக்டரம்மா. இதில் எது பெரிய வேலை என்று பச்சைமுத்துவைக் கேட்டால், சீவாததை யாரால் பார்க்க முடியும் என்று கேட்பார். இதற்குப் பதில் சொன்ன படித்தவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் மூன்றாம் வகுப்பு வாத்தியார் அடித்த நாளோடு சரி. பிறகு அவர் படித்ததெல்லாம் மனைவி குப்பம்மாளின் அண்ணன் வேங்கடேசன் வைத்திருந்த கறிக்கடையில்தான். திண்டிவனம் மார்க்கெட்டில் புளியங்கட்டை போட்டு இருபது வருஷம் கறி வெட்டினார். கத்தி தீட்டுவதில் அவருக்கு இணை செஞ்சி வரைக்கும் கிடையாது. முடிதிருத்துகிறவர்களே கத்தியை அவரிடம் கொண்டுவந்து கொடுத்துத் தீட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கத்திதான் அவரை மாடிக்கு ஏற்றியது. 1983இல் வேங்கடேசனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தார், உப்பை விட்டார், எண்ணெயை விட்டார். சாராயத்தை மட்டும் விடவில்லை. கண் மஞ்சள் இறங்காததால் ஊசி போட்டு ஈரல் துணுக்கு எடுத்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போனவர் பச்சைமுத்து. துணுக்கு சீவும்போது கிழிந்துவிட்டது, மறுபடியும் ஊசி போட்டு எடுத்து வரவேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார். முதல் ஊசிக்கே மச்சான் போட்ட கூச்சல் மார்க்கெட் வரைக்கும் கேட்டிருந்தது. இன்னொரு ஊசி என்றால் அவரைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர் வேண்டும். பச்சைமுத்து யோசித்துவிட்டு, எதைக் கொண்டு சீவுகிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்றார். டாக்டரம்மா மிஷினிலிருந்து கத்தியைக் கழற்றிக் கொடுத்தார். பச்சைமுத்து அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது கத்தியில்ல. இது கரண்டி," என்றார்.

அன்றைக்கு முழுக்க மாடியில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டி, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதில் உரசி, சாயங்காலம் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். மெழுகில் மிச்சமிருந்த துணுக்கு கிழியாமல் நாடா மாதிரி வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, வேங்கடேசன் ஈரலில் கிருமி இல்லை, சாராயத்தை நிறுத்தினால் போதும் என்று எழுதிக்கொடுத்தார். அதோடு, நாளையிலிருந்து வேலைக்கு வரமுடியுமா என்றும் கேட்டார்.

கடையை விட்டுப் போவதாகச் சொன்னபோது பச்சைமுத்து கொஞ்சம் அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, இனிமேல் நான் தொடுவது மனுஷன் ஈரல்தான், ஆட்டு ஈரலெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று அறிவித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வேங்கடேசன் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. பச்சைமுத்துவின் புளியங்கட்டையைக் கழுவி, கடை மூலையில் நிறுத்தி, மேலே ஒரு கோணியைப் போட்டு வைத்தார். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பச்சைமுத்து கறி வாங்கப் போகும்போது அதே வார்த்தைதான்.

"மாப்ள, கட்டை காத்துக்கினு கீது."

"மச்சான், உன் ஈரலையே சீவினவன் நான். கட்டையைக் காட்டி என்னைப் பயமுறுத்தாத."

இப்படியே இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றும் இல்லை. 1987 ஆவணிக் கடைசியில் மெட்ராசிலிருந்து ஒரு கடுதாசி வந்தது.

அதற்கு முன் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காமாலை பலவிதம். அதில் பி என்று எழுத்துப் போட்ட ஒரு கிருமி மோசமானது. வந்தால் சிலர் ஈரலிலேயே குடித்தனம் வைத்துவிடும். கிருமி சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஆனால் தான் போட்டுக்கொள்ளும் சட்டையை அளவில்லாமல் தைத்து, செல் என்கிற ஈரல் அறைகளுக்குள் குவித்து வைக்கும். ஆர்சீன் என்ற ஒரு சாயம், பாறைப் பாசியிலிருந்து எடுப்பது, அந்தச் சட்டைக் குவியலில் போய் ஒட்டிக்கொண்டு பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும். பழுப்புத் தெரிந்தால் கிருமி இருக்கிறது. காந்திமதி அம்மாள் இந்த வித்தையை விழுப்புரத்தில் செய்துகொண்டிருந்தார். மெட்ராசில் இருந்த பெரிய புரொபசர் ஒருவருக்கு அது நம்பிக்கைப்படவில்லை.

அவர் எழுதியிருந்தது இதுதான். ஒன்பது பேருடைய ஈரல் துணுக்குகளை மெழுகில் பதித்து, பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்டு அனுப்புவார். யார் யாருக்குக் கிருமி என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒன்பதும் சரியாகச் சொன்னால், தென்னாற்காடு மாவட்டத்து ஈரல் எல்லாம் இனி விழுப்புரத்துக்கே போகட்டும் என்று டாக்டர்களுக்கு எழுதிவிடுவார். ஒன்று தப்பினாலும் எல்லாம் மெட்ராசுக்கு.

டாக்டரம்மா கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, அப்படி ஆகிவிட்டால் சீவுகிற மிஷினை வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை, பாண்டிச்சேரியில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதே கூடத்தில் ரத்தமும் மூத்திரமும் பார்க்கிற லூர்துமேரிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மிஷின் போனால் கூடப் போகிறவர் பச்சைமுத்து ஒருவர்தான். போகிற இடமும் தெரிந்த இடம்தான், மூலையில் கோணி போர்த்திக்கொண்டு காத்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மெட்ராஸ் புரொபசரே தன்னைப் பரீட்சை பார்க்க ஆசைப்படுகிறார் என்று கடையில் நின்று சொன்னார். வேங்கடேசன் எலும்பை வெட்டுவதை நிறுத்தவில்லை. தப்பாகப் போனால் தீபாவளிக்கு முன்னால் கட்டைக்கு வந்துவிடு, அன்றைக்கு எனக்குக் கை போதாது என்றார். சரியாகப் போனால் நீ என்ன கொடுப்பாய் என்று பச்சைமுத்து கேட்டார். சரியாகப் போனால் இந்தக் கட்டையையே தூக்கிக்கொண்டு போ, இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுகிறேன் என்றார் வேங்கடேசன். வரிசையில் நின்ற பதினோரு பேரும் சாட்சி.

பச்சைமுத்துவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மனுஷன் ஈரலைச் சீவினாலும் கூடவே ஒரு தகட்டில் ஆட்டு ஈரலையும் சீவி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சாயத்தில் முக்குவார். நல்ல ஈரல் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் கெட்ட ஈரல் எதுவென்று தெரியும் என்பது அவர் வாதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அவர் சொன்னபோது டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெரிய ஊர்களிலும் இதே மாதிரிதான் செய்கிறார்கள், ஆடுதான் இல்லை என்றார். அன்றிலிருந்து அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்பதில் பச்சைமுத்துவுக்குச் சந்தேகம் இல்லை. புரட்டாசி முழுக்க யாரும் கறி தின்ன மாட்டார்கள், வேங்கடேசன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால் ஆவணியிலேயே நல்ல கிடாவாகப் பார்த்து ஈரல் வாங்கி மெழுகில் பதித்து வைத்துக்கொண்டார்.

மெட்ராஸ் பெட்டி புரட்டாசியில் வந்து சேர்ந்தது. பஞ்சில் சுற்றிய ஒன்பது மெழுகுக் கட்டிகள். மறுநாள் ஆயுத பூஜை. பூஜை முடிந்து சீவலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜையை மட்டும் பச்சைமுத்து யாரிடமும் விடுவதில்லை. மிஷினைத் துடைத்தார், கத்திக்குச் சந்தனம் வைத்தார், மைக்ராஸ்கோப்புக்குக் கதம்பம் சுற்றினார். மெழுகு உருக்குகிற அடுப்புக்கும் லூர்துமேரியின் ரத்தம் சுற்றுகிற மிஷினுக்கும் பொட்டு. பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் தயார். கற்பூரத்தை எடுத்தபோதுதான் டாக்டரம்மா குறுக்கே வந்தார். உள்ளே ஸ்பிரிட் ஜாடிகள் இருக்கின்றன, ஒரு பொறி பட்டால் மாடியே போய்விடும், கற்பூரம் வேண்டாம் என்றார். சுண்டல் வாங்கிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார், லூர்துமேரியும் கிளம்பிவிட்டாள்.

கற்பூரம் இல்லாத பூஜை பச்சைமுத்துவுக்கு உப்பில்லாத காமாலைச் சாப்பாடு மாதிரி இருந்தது. அதுவும் இந்த வருஷம், இந்தப் பரீட்சை இருக்கிற நேரத்தில். குறையை எப்படி ஈடுகட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வேங்கடேசன் கடையில் ஆயுத பூஜை அன்று கத்தி கழுவுகிற தொட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு சிட்டிகை குங்குமமும் போடுவது வழக்கம். வருஷம் முழுக்கக் கத்தி கையில் படாது என்பார்கள். இங்கே தொட்டி எது? அலமாரியில் சாயமும் மருந்தும் நிரப்பிய பதினோரு ஜாடிகள் வரிசையாக நின்றன. வேலை செய்கிறது ஜாடிக்குள்ளே இருப்பது. வெளியே பொட்டு வைத்துவிட்டு உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் போனால் அது என்ன மரியாதை? ஒவ்வொரு மூடியாகத் திறந்து, மஞ்சளும் குங்குமமும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு மூடினார். ஆர்சீன் ஜாடிக்கு மட்டும், பரீட்சையே அதன் கையில்தானே என்று, இரண்டு சிட்டிகை. கும்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மனநிறைவோடு ரயிலேறினார். அதோடு அது அவர் நினைவிலிருந்தும் போய்விட்டது. கோயிலில் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

பூஜைக்குப் பிறகு கத்தியை இரண்டு நாள் தீட்டினார். புதன்கிழமை காலையில் சீவ உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சீவியதைச் சீவல் என்று சொல்லக்கூடாது, மூச்சு என்று சொல்ல வேண்டும். நாடா அவ்வளவு மெல்லிசாக வந்தது. ஒன்பது தகடு மெட்ராஸ், ஒரு தகடு திண்டிவனம். நான்கு மணி நேரம் ஆர்சீனில் ஊறவைத்து, அலசி, டாக்டரம்மாவின் மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் பின்னால் கைகட்டி நின்றார். புரொபசர் வைத்த கெடுப்படி வியாழக்கிழமை மாலை மெயில் வண்டியில் பதில் போய்விட வேண்டும்.

டாக்டரம்மா முதல் தகட்டைப் பார்த்தார். பழுப்பு. குறித்துக்கொண்டார். இரண்டாவது. பழுப்பு. மூன்றாவதும் பழுப்பு. நான்காவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பதாவது வரைக்கும் பழுப்பு. ஒரு அறை விடாமல், வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி சீராகப் பழுப்பு.

லூர்துமேரி எட்டிப் பார்த்தாள். "இன்னா டாக்டர், மெட்ராஸ்ல நல்ல ஈரலு ஒண்ணுகூட இல்லியா?"

ஒன்பதும் கிருமி உள்ளதாகவே அனுப்பி ஏமாற்றிப் பார்க்கிறாரோ புரொபசர் என்று டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. பெரிய மனிதர்கள் அப்படியும் செய்வார்கள். பச்சைமுத்துவுக்கோ தலைகால் புரியவில்லை. சாயம் இவ்வளவு நன்றாகப் பிடித்து அவர் பார்த்ததே இல்லை. பூஜைக்குப் பலன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா பேனாவைத் திறந்து ஒன்பதுக்கும் பதில் எழுதப் போனார். அப்போது பச்சைமுத்து, என் ஆட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அதுவும் பாவம் வரிசையில் நிற்கிறது என்றார். ஆட்டைப் பார்க்காமல் எந்த முடிவும் எழுதக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டாக்டரம்மா சலித்துக்கொண்டே பத்தாவது தகட்டை வைத்தார்.

ஆடும் பழுப்பு.

டாக்டரம்மா தகட்டை எடுத்து, ஆடுதானா என்று பார்த்து, மறுபடியும் வைத்தார். ஸ்டேஷனில் ஒரு இஞ்சின் ஊதியது.

"திண்டிவனத்து ஆட்டுக்கு மனுஷன் கிருமி," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

அந்தக் கிருமி ஆட்டுக்கு வரவே வராது என்று அவர் விளக்கினார். லூர்துமேரி விடவில்லை. அந்த ஆடு எங்கேயாவது ஊசி போட்டுக்கொண்டிருக்குமோ, ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்குமோ என்று விசாரித்தாள். வேங்கடேசன் கடைக்கு வருகிற ஆடு இலை தழை தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்று பச்சைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, மனம் நோகக்கூடாதே என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பச்சைமுத்து, வெட்டு தடிச்சுப் போச்சா? தடிமனா இருந்தா சாயம் இப்படித்தான் மொத்தமா நிக்கும். பரவாயில்ல, மனுஷன் கைதானே."

இதைவிட அவர் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம். இருபத்து நான்கு வருஷக் கை. முடிதிருத்துகிறவர்கள் தேடி வந்த கை. தடித்துவிட்டதாம்.

அவர் நேராக அலமாரிக்குப் போய் ஆர்சீன் ஜாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் செக்கச்செவேல் என்று ஒரு படிவு. அதைச் சுற்றி மஞ்சள் புகை மாதிரி ஒன்று சுருண்டுகொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் மஞ்சளும் குங்குமமும் எவ்வளவு அழகாகக் கரையும் என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அவர் முன்னால் இரண்டு வழி இருந்தன. வாயை மூடிக்கொண்டு, ஆமாம், வெட்டு தடித்துவிட்டது என்றால் டாக்டரம்மா மன்னித்துவிடுவார். இன்னொரு தரம் மெல்லிசாகச் சீவுங்கள் என்பார். குங்குமம் போட்ட கதையைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. மிஷின் பாண்டிச்சேரிக்கும் அவர் கட்டைக்கும் அன்றைக்கே போகலாம். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் முதல் வழியில்தான் போயிருப்பார்கள். பச்சைமுத்துவுக்கு அந்த வழி கண்ணிலேயே படவில்லை. முட்டாள் என்று பெயர் வாங்கலாம். வெட்டு தடித்தவன் என்று வாங்க முடியாது.

"டாக்டரம்மா, என் வெட்டு எந்த ஜென்மத்துலயும் தடிக்காது. தப்பு குங்குமத்துல கீது. போட்டவனும் நான்தான்," என்றார்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எந்த ஜாடியில் போட்டீர்கள் என்று கேட்டார்.

"எல்லாத்துலயும்தாம்மா. ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

"அண்ணே, என் ஜாடியில?" என்றாள் லூர்துமேரி.

"உனுக்கு இல்லாமயாம்மா? நீ சர்ச்சுக்குப் போறவளாச்சேன்னு நான் பாகுபாடு பாக்கல. சரிசமமாப் போட்டேன்."

டாக்டரம்மா மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பச்சைமுத்து பயந்துபோனார். தோள் குலுங்குவதைப் பார்த்த லூர்துமேரிக்குத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அவளும் ஆரம்பித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னது, பதினோரு ஜாடியையும் கொட்டிக் கழுவுங்கள், கற்பூரம் வேண்டாம் என்று சொன்னது என் தப்பு, குங்குமமும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான்.

ஆர்சீன் தூள் ஒரே ஒரு ஜாடிக்குத்தான் மிச்சம் இருந்தது. அதை டாக்டரம்மாவே கலந்தார். கலக்கும்போது பச்சைமுத்து கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றார். வியாழக்கிழமை காலையில் மறுபடியும் சீவினார். தேவையே இல்லாவிட்டாலும் கத்தியை இன்னொரு தரம் தீட்டிக்கொண்டார். மத்தியானம் டாக்டரம்மா வரிசையாகப் பார்த்தார். மூன்றில் பழுப்பு, அதுவும் அங்கங்கே திட்டுத் திட்டாக, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும். ஆறில் ஒன்றும் இல்லை. ஆட்டைப் பார்த்தார். பிறந்த குழந்தை மனசு மாதிரி சுத்தம். பதிலை எழுதி, தகடுகளையும் பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பச் சொன்னார். கட்டியவர் பச்சைமுத்து. இவ்வளவு நல்ல சீவலை அலமாரியில் வைத்து என்ன செய்வது என்று பத்தாவது தகட்டையும் நம்பர் போட்டு அதே பெட்டியில் வைத்து மெயிலில் சேர்த்துவிட்டு வந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நடந்ததைக் குப்பம்மாளிடம் மட்டும் சொன்னார். அவளும் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். புரட்டாசி முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வேங்கடேசன் ஆறு கிடா உரித்துத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். வந்தவர்கள் எட்ட நின்றே, உன் கடை ஆட்டுக்கு மஞ்சள் காமாலையாமே என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு கிழவர் பலகையில் வைத்திருந்த கிடாத் தலையின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலைப் பாசஞ்சரில் பச்சைமுத்துவுக்கு எதிரே வேங்கடேசன் உட்கார்ந்திருந்தார். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பாகு வாசனை வருகிற வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, என் பிழைப்பைப் பேஜாராக்கிவிட்டாய், உன் டாக்டரம்மாவே என் ஆட்டுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார் அதற்குப் பிறகு.

மாடியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நியாயம்தான், பழுப்பு என்று சொன்ன வாய்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும் என்று சொல்லி லூர்துமேரியை எழுதச் சொன்னார். அவள் நோயாளிகளுக்கு எழுதுகிற தாளையே எடுத்துத் தமிழில் நிரப்பினாள். பெயர், ஆடு. வயது, ஒன்றரை. ஊர், திண்டிவனம். ஈரலில் காமாலைக் கிருமி, இல்லை. நோயாளியின் தற்போதைய நிலை என்று ஒரு வரி இருந்தது. அவள் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டு, குழம்பு என்று எழுதினாள்.

டாக்டரம்மா கையெழுத்துப் போடும்போது தபால்காரர் படியேறி வந்தார். மெட்ராஸ் கடுதாசி. பச்சைமுத்து எழுந்து நின்றார். கடையில் பந்தயம் கட்டியது, மூலையில் நிற்கிற கட்டை, அதன் மேல் கிடக்கிற கோணி, எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில் கண்ணில் வந்தது. வேங்கடேசனும் எழுந்து நின்றார். தகராறு இருந்தாலும் தங்கை புருஷன் அல்லவா. டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஒன்பதும் சரி.

மாவட்டத்து ஈரல் எல்லாம் இனி விழுப்புரத்துக்கு என்று புரொபசர் எழுதியிருந்தார். கீழே தனியாக இன்னொரு வரியும் இருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். நான் அனுப்பியது ஒன்பது, வந்திருப்பது பத்து. பத்தாவது நோயாளி யார்? இவ்வளவு ஆரோக்கியமான ஈரலை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. இவருக்கு எதற்காக ஊசி போட்டீர்கள்?

டாக்டரம்மா பச்சைமுத்துவைப் பார்த்தார். பச்சைமுத்து ஜன்னல் வழியாக ஸ்டேஷனைப் பார்த்தார்.

"டாக்டரம்மா," என்றார் வேங்கடேசன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆரோக்கியமான ஈரல்னு கீதே, அந்த வரியையும் இதுல எழுதிக் குடுத்துடுங்க. மெட்ராஸ்காரரு சொன்னதாவே இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் கண்ணாடி போட்டுக் கடையில் கிடா தொங்குகிற கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. தீபாவளி அன்று வரிசை மார்க்கெட் வாசல் தாண்டி நின்றது. தாளைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பச்சைமுத்துவே பக்கத்தில் நின்று படித்துக் காட்டினார். அன்றைக்கு மட்டும் மச்சானுக்காக ஒரு மணி நேரம் கறியும் வெட்டினார். ஆனால் தன் பழைய கட்டையில் வெட்டவில்லை. கட்டை ஏற்கனவே கடையை விட்டுப் போயிருந்தது.

தீபாவளிக்கு முதல் நாளே வேங்கடேசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். கோணியை விலக்கி, கட்டையைத் தானே உருட்டிக்கொண்டு வந்து பாசஞ்சரில் ஏற்றினார். அது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து விழுப்புரம் வரைக்கும் போயிற்று. டாக்டரம்மா அதை மாடிக்கு ஏற்ற விடவில்லை. சோடா உப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். மிஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தால் உயரம் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு டாக்டரம்மா ஜாடிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பச்சைமுத்துவுக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் மொத்தமாகக் கட்டைக்கே பூசினார். மறுநாள் அதில் உட்கார்ந்து எழுந்ததில் வேட்டியின் பின்பக்கம் செக்கச்செவேல் என்று ஆகி, பாசஞ்சரில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, அது தொழில் செய்கிற இடத்துக்கு வைத்த பொட்டு என்று சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.